ஒன்று குறைகிறது

காற்று வலுத்தால் புன்டா அரினாஸில்
துறைமுகத்தை மூடிவிடுவார்கள்.
என் ஒப்பந்தத்தில் அதற்கும் ஓர் இடம் உண்டு:
பதினான்காம் பிரிவு, மனித சக்திக்கு மீறிய நிகழ்வு.
வழங்குநர் அதைத்தான் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார்
ஜெபம் போல, நிறுத்தி நிறுத்தி.

நான் எடிதா மருசிச். மருத்துவமனையில் கொள்முதல்.
மாடியில் மூச்சுத்திணறல் என்று சொல்வது
படியிறங்கி என்னிடம் வரும்போது
தேவைப் படிவம், நான்கு நகல்கள்.
பன்னிரண்டு ஆக்சிஜன் செறிவூட்டிகள் கேட்டிருந்தார்கள்.
மூன்று உறைகள் வந்தன. முத்திரை உடைத்தேன்.
குறைந்த விலைக்காரருக்கே கொடுத்தேன், விதி அப்படி.
அவரிடம் குறைந்தது விலை மட்டுமல்ல என்று
மூன்றாம் வாரம் தெரிந்தது.

பாதுகாப்பு இருப்பு:
என் சொற்களிலேயே எனக்குப் பிடித்த சொல்.
வராத நாளுக்கென்று எடுத்து வைப்பது.
அக்டோபர் இரண்டாம் தேதி அது நான்கு.
ஒன்பதாம் தேதி ஒன்று.
பத்தாம் தேதி அந்தத் தட்டில்
யாரோ தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

கப்பல் வந்துதான் இருந்தது.
ஜன்னலைத் திறந்தால் நீரிணையில் தெரியும்,
நங்கூரத்தை இழுத்துக்கொண்டு, தலையாட்டிக்கொண்டு.
கரை சேரும்வரை விற்பவர் பொறுப்பு
என்று நானே சேர்த்த வரி; நல்ல வரி.
அதன்படி, கண்ணெதிரே நின்ற அந்தப் பெட்டிகள்
என்னுடையவை அல்ல.
பாரந்தூக்கி எடுத்த பெட்டி
கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் ஆடும்போது
யாருடையது?
சட்டப் பிரிவுக்கு ஒருமுறை எழுதிக் கேட்டேன்.
இன்னும் பதில் இல்லை.

பதின்மூன்றாம் தேதி அதிகாலை இரண்டு மணிக்குக் காற்று நின்றது.
காலையில் மூன்று தாள்களை அடுக்கிப் பார்த்தேன்.
ஆணை: பன்னிரண்டு.
விலைப்பட்டியல்: பன்னிரண்டு.
வரவுச் சீட்டு: பதினொன்று.
கணக்கு உதைத்தது.
கணக்கு உதைத்தால் பணம் நிற்கும்,
பணம் நின்றால் மறுபடியும் அந்த ஜெபம்.

கிடங்குக்காரர் மன்சில்லா கையை விரித்தார்.
"லாரியிலிருந்து இறக்கும்போதே
ஆம்புலன்ஸ் ரோசமேல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.
நான் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.
வராத பொருளை வரவு வைக்கவா?
வந்த பொருளை வரவில்லை என்கவா?"

காசு கொடுத்து வாங்கிய மாடு,
பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆக வேண்டும்.
படிவத்தோடு மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.
பதினேழாம் கட்டில், அவெலினோ பாரியா,
சென்டோயா நண்டுக்கு முங்குகிறவர்.
மூக்கில் குழாய். கட்டிலடியில் என் பன்னிரண்டாவது.

வரிசை எண் எப்போதும் பின்பக்கம்தான் இருக்கும்.
சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே மண்டியிட்டேன்.

"டாக்டரா?"
"இல்லை. கொள்முதல்."
"இது எவ்வளவு?"
சொல்லக் கூடாது. சொன்னேன்.
கண்ணை மூடி நண்டுக் கணக்கில் மாற்றினார்,
இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு.
"நூற்று இருபது நண்டு.
அதிகம், அம்மா. பேரம் பேசினீர்களா?"
"ஒப்பந்தப்புள்ளியில் பேரம் கிடையாது."
சிரித்தார். சிரிப்பு இருமலாகி
இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.
அதுவரை ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தேன்,
மறு கையில் பேனா.

எண் எழுதினேன். கடைசி நான்கு, 4077.
பெறப்பட்ட இடம்: பதினேழாம் கட்டில்.
பெறப்பட்ட நேரம் என்ற கட்டத்தில்
வெகுநேரம் நின்றேன்.
பிறகு அதிகாலை மூன்று பத்து என்றேன்,
தாதி குறித்து வைத்திருந்த நேரம்.
பரிசோதனை முடிவு: இயங்குகிறது.

"கொஞ்சம் சத்தம் போடுகிறது," என்றார்,
"அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

எழுதினேன்.